பெரு நாட்டுக் கடலும் மூணாம் நம்பர் குட்டையும்

எலியாஸ் யாரையும் நம்பாத ஆள். ரேஷன் கடைத் தராசை நம்பமாட்டான். சர்க்கரையை வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு தரம் எடை போட்டுப் பார்ப்பான். பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டர் சொன்னால், பக்கத்தில் பூக்கட்டும் பெண்ணிடம் போய் அதையே மறுபடி கேட்பான். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஒரு வசனத்தைச் சொன்னால், மடியில் இருக்கும் வேதாகமத்தைப் புரட்டி, அந்த வசனம் அங்கேதான் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்காமல் ஆமென் சொல்லமாட்டான். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் பெண்டாட்டி எப்சி ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சுப் பேசமாட்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், எப்சிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் மண் விழ.

எப்சி ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுப் போகிற பாதையில் ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் டீச்சர். பூகோளம் அவள் பாடம். எலியாஸுக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து அரை மைல் தள்ளி, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிளாண்ட்டில் சூப்பர்வைசர் வேலை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். தோலை முதலில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவார்கள். அப்படிக் கழுவிய தண்ணீர் இருக்கிறதே, அது எந்த மெஷினுக்கும் அடங்காது. வருஷக்கணக்காகப் பாலாற்றில் விட்டு, சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் உவர்த்துப்போய், கடைசியில் கோர்ட்டு கேஸ் என்று வந்த பிறகுதான் அதைப் பாத்தி கட்டி வெயிலில் காயவிட ஆரம்பித்தார்கள். வெயில் குடித்தது போக மிச்சம் உப்பு. பாத்திக்குப் போக முறை வருகிறவரைக்கும் தண்ணீர் காத்துக் கிடக்கிற இடம்தான் மூணாம் நம்பர் குட்டை.

குட்டை மேட்டில் இருந்தது. மூன்று பக்கமும் பாத்திகள். நாலாவது பக்கம் ரெண்டு ஆள் உயரத்துக்கு மண் கரை. அந்தக் கரையின் காலடியில் நாற்பது வீடு, மணல்மேட்டுக் காலனி. எலியாஸின் தங்கை சுந்தரி அங்கேதான் குடியிருந்தாள். குட்டை முதலில் வந்ததா காலனி முதலில் வந்ததா என்று கேட்டால், காலனிதான் முதலில் வந்தது. மேட்டில் இடம் மலிவு என்று யாரோ வாங்கி, யாரோ தோண்டி, யாரோ கையெழுத்துப் போட்டார்கள். கீழே இருப்பவர்களை யார் கேட்டது?

ஆனாலும் ஒரு வழக்கம் இருந்தது. வருஷா வருஷம் புரட்டாசியில் குட்டையைப் பாதிக்கு இறக்குவார்கள். செம்மண் கொட்டி, போன மழையில் கரைந்த கரையை இரண்டு அடி உசத்துவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடம் விட்டுவைக்கிற ஏற்பாடு. எலியாஸ் கூடவே நின்று, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, இது ஆகாது என்று இரண்டு டிராக்டர் மண்ணையாவது திருப்பி அனுப்பாமல் விடமாட்டான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்த வழக்கம் நின்றுபோனது. நிற்க வைத்தது எப்சியின் வாய்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதிது. பேப்பரைப் பிரித்தால் இதே பேச்சு. பசிபிக் கடலில், பெரு நாட்டு ஓரத்தில், தண்ணீர் வழக்கத்தைவிட மூன்று நாலு டிகிரி சூடாகிவிட்டது, இந்தியாவுக்கு மழை பொய்க்கும், பஞ்சம் வரலாம். எப்சி உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனாள். ஒரு பக்கம் பெருவைக் காட்டினாள், உருண்டையைத் திருப்பி ஆம்பூரைக் காட்டினாள். சுந்தரியின் மகள் அக்சா முதல் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"மிஸ், அங்க கடல் சூடானா நமக்கு இன்னா மிஸ்?"

"கடல் சூடானா அதும் மேல இருக்கிற காத்தும் மேகமும் இடம் மாறும்டி. நமக்கு வரவேண்டிய மேகம் அந்தாண்ட போய்டும். இந்த வருஷம் நமக்கு மழை கிடையாது, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். முப்பது நாற்பது பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர் சொன்னதாயிற்றே! மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது எலியாஸ் கேட்டான்.

"இன்னா எப்சி, மழை கிடையாதுன்னு சொன்னியாமே? குழாயடியில கூட பேசிக்கிறாங்க. நெஜமாவா?"

"நெஜம்தாங்க. உலகம் பூரா சொல்றாங்க."

"உலகத்தை வுடு. நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஆடியில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஆவணியில் நாலு தூறல். வடக்கே ஒழுங்காக மழை பெய்துகொண்டிருக்கிறது என்று அதே பேப்பரில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை, எப்சியும்தான். புரட்டாசி பிறந்ததும் பிளாண்ட் செகரட்டரி, கரைக்கு மண் சொல்லட்டுமா என்று எலியாஸைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வேணாம் சார். இந்த வருஷம் மழை கிடையாது. எங்க வீட்ல டீச்சரு, சொல்லிட்டாங்க. பெரு நாட்டுல கடல் சூடாயிடுச்சாம்."

செகரட்டரிக்கு வாயெல்லாம் பல். குட்டையை இறக்கவேண்டாம், டிராக்டர் வேண்டாம், இன்னும் இருபது டேங்கர் கழுவுதண்ணியை உள்ளே வாங்கலாம். வாங்கினார்கள். வெயில் நன்றாகக் காய்ந்ததால் பாத்திகளும் வேகமாகக் காய்ந்தன, காய்ந்த வேகத்தில் மறுபடி நிரப்பினார்கள். புரட்டாசிக் கடைசியில் மூணாம் நம்பர் குட்டை தளும்பி நின்றது. கரைக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் பாக்கி. தண்ணீரா அது? கருத்து, கனத்து, காற்றடித்தாலும் அலையடிக்காமல் கிடந்தது. அதன் மேல் குருவிகூடப் பறப்பதில்லை. காலனிப் பெண்கள் குடம் தூக்கிக்கொண்டு கரையோரம் நடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அக்டோபரில் டீச்சர்களுக்கு வேலூரில் இரண்டு நாள் பயிற்சி. ஒரு காலேஜ் புரொபசர், வெள்ளைச் சட்டை முழுக்கச் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு, போர்டில் கடல்களை வரைந்துகொண்டிருந்தார். எப்சிக்கு இதெல்லாம் தெரிந்த பாடம். கொஞ்சம் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டலாம் என்றுதான் எழுந்தாள்.

"சார், பெரு பக்கம் கடல் சூடான வருஷம் நமக்கு மழை கம்மி, இல்லீங்களா?"

"எந்த மழைம்மா? ஆடி மழையா, ஐப்பசி மழையா?"

"ரெண்டும் மழைதானே சார்?" என்றாள் எப்சி.

"ரெண்டும் ஒண்ணில்லம்மா. கடலை அடுப்புன்னு வெச்சுக்கோங்க. எங்க எரியுதோ அங்கதான் மேகம் கொதிக்கும். இந்த வருஷம் அடுப்பு பெரு பக்கம் தள்ளிப் போய்டுச்சு. தென்மேற்குப் பருவத்துக்கு அது நல்லதில்ல. ஆனா இந்தாண்ட ஆப்பிரிக்கா ஓரத்துக் கடலும் இப்போ சூடாயிட்டு வருது. காத்து கிழக்கேருந்து மேற்கே இழுக்குது. அப்படி இழுக்கிற காத்து வங்கக் கடல் ஈரத்தை அள்ளிக்கிட்டு யார் தலை மேல வரும்? நம்ம தலை மேலதான். இந்த மாதிரி வருஷம் ஆடி மழைக்குப் பகை, ஐப்பசி மழைக்கு தோஸ்த். எப்பவும் அப்படியேன்னு சத்தியம் பண்ணமாட்டேன். பல தடவை அப்படித்தான்."

மற்ற டீச்சர்கள் தோஸ்த் என்றதற்குச் சிரித்தார்கள். எப்சி உட்காரக்கூட மறந்து நின்றாள். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் அன்வரி பேகம் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பயிற்சி முடிந்த மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் அவள் முதல் வேலையாக மழைப் பதிவேட்டை எடுத்தாள். வெள்ளைக்கார மிஷனரி காலத்திலிருந்து அந்தப் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. பூகோள டீச்சர் யாரோ, அவர் தினம் எட்டரை மணிக்கு அளந்து எழுதவேண்டும். எப்சியும் ஒன்பது வருஷமாக எழுதுகிறாள். எழுதினாளே தவிர, பின்னால் புரட்டிப் பார்த்ததில்லை. கடல் சூடான வருஷங்களைப் புரொபசர் சொல்லியிருந்தார். எழுபத்திரண்டைப் புரட்டினாள். ஜூலையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். டிசம்பர் பக்கம் முழுக்கப் பெரிய பெரிய எண்கள். ஓரத்தில் யாரோ ஒரு வாத்தியார் பச்சை மையில் எழுதியிருந்தார்: "பள்ளிக்குள் முழங்கால் தண்ணீர். மழைமானி வழிந்துவிட்டது, அளக்க முடியவில்லை." எண்பத்திரண்டில் அப்படி இல்லை, அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு வந்தது. எண்பத்தேழில் மறுபடி பெரிய எண்கள்.

அடிப் பாவி! நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற அலமாரி. அதைத் திறந்து பார்க்காமல் பேப்பர்க்காரன் சொன்னதைப் பிள்ளைகளுக்கு ஒப்பித்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் குட்டைக்கு ஓடினாள். எலியாஸ் கரை மேல் நின்றிருந்தான். அவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். கோபப்படுவான், திட்டுவான், திட்டினாலாவது மனசு ஆறும் என்று நினைத்தாள்.

"நெஜமாவா?" என்றான்.

"நெஜம்தாங்க. நான் தப்பா சொல்லிட்டேன். முழுசாத் தெரிஞ்சுக்காம வாயை வுட்டுட்டேன்."

"சரி வுடு. அப்போ கரையை உசத்தணும், அவ்ளோதானே?"

அவ்வளவுதான். ஜூனில் ஒன்று சொன்னாள், நம்பினான். அக்டோபரில் அதற்கு நேர்மாறாகச் சொன்னாள், அதையும் நம்பினான். எப்சிக்கு அந்த நிமிஷம் அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செகரட்டரி அப்படி இல்லை. "போன மாசம் மழையே வராதுன்னே. இந்த மாசம் வெள்ளம் வரும்ங்கிறே. உங்க டீச்சரம்மாவுக்கு மாசத்துக்கு ஒரு கடலாப்பா?" என்று சிரித்தார். தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளியும் கழிந்தது. மண் டிராக்டர் வந்த அன்றைக்குத்தான் மழையும் வந்தது. செம்மண் களியாகி, டிராக்டர் மேட்டில் ஏற முடியாமல் பாதி வழியில் புதைந்து நின்றது. அதை இழுக்க வந்த இன்னொரு டிராக்டரும் புதைந்தது. குட்டையை இறக்கலாம் என்றால் எங்கே இறக்குவது? வெயில் இல்லாமல் பாத்திகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்த ஒரே பக்கம் காலனி.

நவம்பர் முழுக்க எப்சி காலை எட்டரைக்கு எண்களை எழுதினாள். நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். அறுபத்திரண்டு. ஒரு நாள் விட்டு முப்பத்தைந்து. எழுபத்திரண்டாம் வருஷத்துப் பக்கத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதினமாதிரி போய்க்கொண்டிருந்தன. எலியாஸ் ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு, மணல் நிரப்பிய சாக்கைக் கரை மேல் அடுக்கிக்கொண்டிருந்தான். கரையின் அடியில், காலனிப் பக்கம், ஒரு இடத்தில் ஈரம் கசிய ஆரம்பித்தது. நாலு நாளில் அந்த ஈரம் காய்ந்த ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எப்சி நேரே காலனிக்குப் போனாள். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு எல்லாரும் வேறு எங்காவது போய்விடுங்கள் என்று சொன்னாள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னா டீச்சர் இது! நீங்கதானே மழை வராதுன்னு சொன்னீங்க? உங்க பேச்சைக் கேட்டு நான் கூரைக்குக் கீத்துகூட மாத்தல. வூடு பூரா ஒழுவுது."

"எங்க வூட்டுக்காரரு குடையை வித்துட்டாரு டீச்சர்!"

சுந்தரி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணி, எங்க போவச் சொல்றீங்க? ஒரு நாள் வேலைக்குப் போலன்னா ஷூ கம்பெனியில சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அண்ணன்தான் கரையைப் பாத்துக்குதே, வுடுங்க" என்றாள்.

தாலுக்கா ஆபீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதம் எந்த மேஜையில் போய்ப் படுத்துக்கொண்டதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. விடிந்தும் விடியாத மாதிரி இருட்டிக்கொண்டு, இடைவிடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. எலியாஸ் ஒரு வாய் காப்பி குடிக்க வந்தவன், வாசலிலேயே நின்று குடித்தான்.

"கரை மெத்துனு இருக்கு எப்சி. காலை வெச்சா உள்ள வாங்குது."

"அய்யோ, இறங்கி வந்துடுங்களேன். சாக்கை வெச்சா நிக்கப் போவுது அது?"

"கீழ ஜனம் இருக்குதே. காலனி காலியாச்சுன்னு நீ சொல்லியனுப்பு, அடுத்த நிமிஷம் இறங்கிடறேன்."

பள்ளிக்கூடத்தில் மழைமானி வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு என்று எழுத முடியாமல் பதிவேட்டை மூடி வைத்தாள். பத்து மணிக்கு ரேடியோவில் மழை லீவு என்று சொன்னார்கள். வந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் ஹெலன் மணியடிக்கக் கிளம்பினார். எப்சி வராந்தாவில் வழி மறித்தாள்.

"மேடம், காலனிப் பிள்ளைங்களை மட்டும் அனுப்பாதீங்க. கரை நிக்காது."

"லீவு வுட்டப்புறம் எந்தச் சட்டத்துல எப்சி பிடிச்சு வெக்கிறது? தாய்மாருங்க வந்து என்னைக் கிழிச்சிடுவாங்க."

கிழிக்கட்டும்! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எப்சிக்குப் பொறி தட்டியது. தாய்மார்கள் வரட்டும். கிழிக்கவாவது வரட்டும்.

காலனிப் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரையும் ஏழாம் வகுப்பில் உட்காரவைத்தாள். காலாண்டு ரேங்க் கார்டுக் கட்டை மேஜை மேல் டொப்பென்று போட்டாள்.

"இதுல அப்பா அம்மா கையெழுத்து பாதிக்கு மேல கள்ளக் கையெழுத்து. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? உங்க அம்மா வந்து எங்கிட்டப் பேசினாத்தான் இன்னிக்கு வீட்டுக்கு!"

குத்துமதிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் பதினைந்து பிள்ளைகளாவது ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். முதலில் அழுதது அக்சா. வேறு நாளாக இருந்தால் எப்சி சிரித்திருப்பாள்.

பியூன் கிருபானந்தத்தைச் சைக்கிளில் அனுப்பினாள். மழைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் அவர் சொன்னார்: உங்க புள்ளை கள்ளக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிச்சு, டீச்சர் பேரை வெட்டப் போறாங்க, உடனே வரணுமாம். வெள்ளம் வருகிறது என்றால் நகராத ஜனம், பேரை வெட்டுகிறார்கள் என்றதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கிழடு கட்டைகளையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஓடி வந்தது. ஆம்பிளைகள் பெரும்பாலும் டேனரியில், பகல் ஷிப்டில் இருந்தார்கள். பதினோரு மணிக்குள் பள்ளி ஹால் நிறைந்துவிட்டது.

"படிச்ச திமிரா டீச்சர் உனக்கு? கொட்டற மழையில..."

"நாங்க இன்னா கையெழுத்தா போடறோம், கைநாட்டு! அதுல இன்னா கள்ளம், நல்லது?"

எப்சி ஹாலின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் முதுகை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினாள். எண்ண எண்ண வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையைச் சாக்கு வைத்துத்தான் எல்லாரையும் வரவழைத்தாள். பிள்ளை இல்லாத வீட்டை எதை வைத்துக் கூப்பிடுவது?

ரஃபத் ஜஹான், வேலூரில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்து எட்டு நாள்தான் ஆகிறது, தையல்கூடப் பிரிக்கவில்லை. ஜெபகனி, நைட் ஷிப்டு முடிந்து அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். கடைசி வீட்டில் தானியேல், வாட்ச்மேன் வேலையிலிருந்து நின்ற மனுஷர், தனி ஆள், காது மந்தம். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு மூன்று இருக்கிறது. ரஃபத் ஜஹான், ஜெபகனி, தானியேல். அந்த மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு நீங்களும் ஆட்களும் மேலே ரோட்டுக்கு வந்துவிடுங்கள். எப்சி."

கிருபானந்தம் சீட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மறுபடி சைக்கிளை மிதித்தார்.

கால் மணி நேரம் கழித்து சுந்தரி வந்தாள். மழை லீவு என்று கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெருவே காலி, ரோட்டில் எதிரே வந்த கிருபானந்தம்தான் விஷயத்தைச் சொன்னாராம். முழங்கால் வரை சேறு. வந்ததும் வராததுமாக மகளின் காதைத் திருகினாள். எப்சியிடம் திரும்பினாள்.

"அண்ணி, இன்னா கூத்து இது? காலனியில ஒரு ஈ காக்கா இல்ல."

"இன்னும் மூணு வீடு இருக்கு சுந்தரி. உங்க அண்ணனுக்குச் சீட்டு அனுப்பியிருக்கேன். ரஃபத் ஜஹானு, ஜெபகனி, தானியேல் மாமா..."

"தானியேல் மாமாவா? அவரு முந்தாநேத்தே குடியாத்தம் போய்ட்டாரே, மக வூட்டுக்கு. மழை முடிஞ்சாத்தான் வருவேன்னு பூட்டிக்கிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எப்சி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றது. "ரெண்டு வீடுதாங்க, ரெண்டு வீடுதான்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அரை மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு, அந்த மழையில் அது எப்படிக் கேட்கும்?

ரோடு திரும்பும் இடத்துக்குக்கூட அவள் போகவில்லை. லாரி நிறையக் கருங்கல்லை ஒரே மூச்சில் கொட்டினாற்போல் ஒரு சத்தம். பிறகு இரண்டு நிமிஷம் மழைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு நாற்றம் வந்தது. எத்தனையோ மாதமாக மேட்டில் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறியது. எப்சி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை ரஃபத் ஜஹான்தான் பிறகு சொன்னாள். சீட்டைப் படித்ததும் எலியாஸ் கிருபானந்தத்தையும் ஆட்களையும் மேலே போகச் சொல்லிவிட்டான். அவன் மட்டும் கீழே இறங்கி வந்து, ஜெபகனி வீட்டுக் கதவை உதைத்து எழுப்பி, ரஃபத் ஜஹானைத் தையல் பிரியாமல் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஏற்றினான். இரண்டு பேரையும் ஒரு புளியமரத்தடியில் விட்டுவிட்டுத் திரும்பினான்.

"நான் சொன்னேன் டீச்சர். அண்ணே, போவாதீங்க, தானியேல் வூட்ல பூட்டு தொங்குது, நான் ஜன்னல்லருந்து பார்த்தேன்னு சொன்னேன். பூட்டை நம்பக்கூடாதும்மா, அவருக்குப் பின்வாசல் இருக்குன்னு சொன்னாரு. யாரும் இல்லண்ணேன்னு மறுபடி சொன்னேன். சீட்டை எடுத்துக் காட்டினாரு. எப்சி மூணுன்னு எழுதியிருக்கா, அவ எழுதினா மூணுதான் இருக்கும்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. கதவைத் தட்டறது எனக்குக் கேட்டுச்சு டீச்சர். ரொம்ப நேரம் தட்டினாரு."

நாற்பது வீட்டில் எட்டு வீடுதான் நின்றன. கிணறுகள் கறுத்துப்போயின. ஆனால் தாயும் பிள்ளையுமாக அத்தனை உயிர்களில் ஒன்றுகூடப் போகவில்லை. பள்ளி ஹாலிலேயே சமைத்து, அங்கேயே படுத்துக்கொண்டார்கள். எப்சியைக் கண்டால் எழுந்து நின்றார்கள். அவளைத் திட்டிய பெண்கள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழ அழ, அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், தானியேல் வீடு இருந்த இடத்துக்குக் கீழே, வேலிக் கருவை மரங்களின் நடுவில் எலியாஸ் கிடைத்தான். கறுப்புச் சேறு காய்ந்து, அதன் மேல் உப்புப் படிந்திருந்தது. டேனரியில் வேலை செய்கிறவர்கள்தான் தூக்கி வந்தார்கள். உப்பில் கிடந்த தோல் கெடாது என்று அவர்களுக்குத் தெரியும். முகம் அப்படியே இருந்தது. புதன்கிழமை காப்பி குடித்துவிட்டுப் போன முகம். சட்டைப் பையில் பிளாஸ்டிக் பைக்குள் சீட்டு நனையாமல் இருந்தது.

ஹால் வாசலில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். வானம் மறுபடி கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தில் ஒரு பெண் வானத்தைப் பார்த்தாள். பிறகு எப்சியின் பக்கத்தில் குனிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர்... இன்னும் மழை வருமா டீச்சர்? நீங்க சொன்னா நாங்க இப்பவே கிளம்பிடறோம்."

அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். எழுபத்திரண்டாம் வருஷத்துப் பதிவேட்டில் டிசம்பருக்கு இன்னும் முக்கால் பக்கம் இருந்தது. எப்சி எலியாஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை நனைத்து, அவன் இமை மயிரில் ஒட்டியிருந்த உப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அவனை நீங்க என்று மட்டுமே கூப்பிட்ட வாய். அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"ரேஷன் கடைக்காரனை நம்பமாட்டியே! பாஸ்டரை நம்பமாட்டியே! பூட்டைக்கூட நம்பலையே! என்னை மட்டும் ஏன்யா நம்பினே?"